நான் பார்க்கத் தவறிய பூஞ்சை

இன்று காலை மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், பூஞ்சை பார்க்கக் கலக்கும் கறுப்பு மைப் புட்டியைத் திறந்தேன். அந்தக் கற்பூர வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவேன். நீ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரி, ரயில்வே குடும்பத்துப் பெண். இருவருக்கும் ஒரே படிப்புதான். ஆனால் ஸ்லைடில் சந்தேகம் என்றால் டாக்டர்கள், "அவங்க இல்லையா?" என்று என்னிடமே உன்னைக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே உன்னைக் கூப்பிடுவேன். வயிறு எரியும்.

அந்த லோரி டிரைவர் உனக்கு நினைவிருக்கும். சிறுநீரக நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், விடாத தலைவலியோடு வார்டில் கிடந்தார். அவருடைய முதுகுத் தண்டு நீரில் மை கலந்து பார்த்தேன். வெறும் வெள்ளணுக்கள் என்று முடிவு செய்து, 'பூஞ்சை இல்லை' என்று எழுதிவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்த நீ, அதே ஸ்லைடில் கண்ணை வைத்தாய்.

"இங்க பாரு லா. இத சுத்தி வெளிச்சமா ஒரு வளையம் தெரியுதா?"

தெரிந்தது. அந்தப் பூஞ்சை பசை போன்ற ஓர் உறையைப் போர்த்திக்கொள்ளும். வெள்ளணுக்களால் அதை எளிதில் பிடித்து விழுங்க முடியாது. மையும் உறைக்குள் நுழையாது. அதனால்தான் அந்த வளையம்.

வார்டுக்கு நீதான் போன் செய்தாய். "ரெண்டு பேரும் சேந்துதான் பார்த்தோம் டாக்டர்" என்றாய். டிரைவர் பிழைத்துக்கொண்டார். என் தவறு வெளியே தெரியவே இல்லை. அதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனத்தோடு பெருந்தன்மையும் உனக்கே போய்விட்டதே என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்கு லூபஸ் வந்தது. உன்னைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உன் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்கியது. அதை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அடக்கியதில் காவலும் போனது. நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிற பூஞ்சைத் துகள்களை மற்றவர்களின் உடம்பு சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. உன் நுரையீரலில் அவை முளைத்தன.

உன் நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என் மேசைக்குத்தான் வந்தது. கிளை கிளையாகப் பிரியும் இழைகள், ஓர் ஓரத்தில் மிகக் கொஞ்சமாக. இதை நான்தான் முதலில் கண்டேன் என்று ஒரு கணம் மனம் துள்ளியது. கூட வந்த சீட்டில் எழுதியிருந்த உன் பெயர் அடுத்த கணம்தான் கண்ணில் பட்டது. எழுந்து போய்க் கழிவறையில் அழுதேன்.

அன்று மாலை உன்னைப் பார்க்க வந்தேன்.

"என் ஸ்லைட யாரு பார்த்தா?" என்று கேட்டாய்.

"நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். கண்ணைத் திறக்காமலே, "மருந்து பாதிதான் செய்யும். மீதிய ஒடம்புதான் செய்யணும். எனக்கு அந்த மீதி இல்ல" என்றாய். பதினோரு நாளில் போய்விட்டாய்.

இப்போது உன் இடத்தில் நான் இருக்கிறேன். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நீ இருந்தால் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் புதியவர்களுக்குப் பாடம் எடுத்தபோது அந்த டிரைவரைப் பற்றிச் சொன்னேன். "நான் பூஞ்சை இல்லன்னு எழுதிட்டேன். அவதான் கண்டுபிடிச்சா." முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. என் தவறை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்க எப்படிக்கா இருப்பாங்க?" என்று உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். பழைய எரிச்சல் உள்ளே எட்டிப் பார்த்தது. அந்த எரிச்சலோடுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.