அ முதல் ந வரை

என் அருமை மாப்பிள்ளைக்கு,

செத்த பிறகும் என்னை அலைய வைக்க உன்னால்தான் முடியும். என்னோடு பள்ளியில் படித்தாய், என் தங்கையைக் கட்டினாய், அந்த இரண்டையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அகராதி விஷயத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

திராட்சை வெட்டு தொடங்கிவிட்டால், பழப்பெட்டிக்குள் விரிப்பதற்காகக் கம்பத்துப் பழைய பேப்பர் கடைகளைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரமே பழைய புத்தகம் தேடி உள்ளே புகுந்துவிட வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த வழி. நீ என் பின்னாலேயே வந்தாய். இரண்டு தொகுதி அகராதி இருந்த கட்டைக் கண்டது நான், அவிழ்த்தது நீ. முதல் தொகுதி உன் கையில், இரண்டாவது என் கையில். நீயும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைக்காரர்தான் பாவம், கடையை அடைக்க முடியாமல் நின்றார்.

அன்றிலிருந்து அ முதல் ந வரை உன் வீட்டில், ப முதல் மிச்சம் என் வீட்டில். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் போன் செய்தால், “நேர்ல வா மச்சான், சொல்றேன்” என்பாய். ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறி வந்தால் கறிசோறு போடுவாய், புத்தகத்தைக் காட்ட மாட்டாய். நீ கை கழுவப் போகும் நேரத்தில் உன் அலமாரியை எத்தனை முறை துழாவியிருப்பேன்! நீ ‘ம’வில் ஏதாவது கேட்டால் நானும் வாயைத் திறந்ததில்லை. பின்னே?

போன வாரம் அகராதியைக் கேட்டு வாங்கலாம் என்று தங்கை செல்வியிடம் போனேன். அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

“பிள்ளைக படிச்ச கைடுண்ணே. தோட்டத்துக்காரவுக பெட்டிக்கு விரிக்கக் கேட்டாக, குடுத்துட்டேன்.”

“அகராதி எங்கத்தா?”

“அதுவா? நீ தூக்கிட்டுப் போயிருவன்னு அவுகதான் பத்தாப்பு கணக்கு கைடு அட்டையப் போட்டு...” சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணக்கு! அந்த அட்டையை மட்டும் நான் தொட மாட்டேன் என்று உனக்குத்தானே தெரியும்?

தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலுக்கடியில் பெண்கள் கைடுகளைக் கிழித்துப் பெட்டிகளில் விரித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் இறங்கினேன்.

“ஏடி, பெரியவருக்குப் பத்தாப்புப் பரீட்சையாம்டி!”

“இந்த வயசுல பாஸாகி என்ன பண்ணப் போறாகளாம்?”

பெரியவராம். உன் தயவில் அந்தப் பட்டமும் வந்து சேர்ந்தது. கெட்டி பைண்டிங், கிழிக்க வரவில்லை என்று கணக்கு அட்டை போட்ட புத்தகத்தை ஓரமாக எறிந்திருந்தார்கள். அட்டையைக் கழற்றித் திறந்தேன். ‘அ’ இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘ந’ இருந்தது. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், கேட்டிருக்குமா?

உன் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செல்வி மஞ்சப்பை எடுத்துக் கொடுத்தாள். “எடுத்துட்டுப் போண்ணே. இனி யாரு ஒளிச்சு வைக்கப் போறா.” பிறகு, பையின் காதைப் பிடித்தபடியே கேட்டாள்: “ரெண்டும் ஒங்கிட்ட சேந்துருச்சுன்னா, இங்கன எதுக்கு வருவ?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூடப்பிறந்தவளைப் பார்க்க வர மாட்டேனா? கேட்க வாயெடுத்தேன். இத்தனை வருடத்தில் அகராதியைச் சாக்கு வைக்காமல் ஒரு தடவையாவது வந்திருக்கிறேனா மாப்ள? நீயே சொல்.

உனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். கணக்கு அட்டையை மறுபடி மாட்டி, கீழ்த்தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: இத்தனை பாடுபட்டும் ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் பார்க்கவில்லை.

இந்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நடைக்கு ஒரு சொல்தான். அதற்கு மேல் புரட்ட மாட்டேன், இது சத்தியம். ‘ந’ முடிய எனக்கு ஆயுசு போதாது. ‘ப’வை மட்டும் கேட்காதே. அதை இப்போதும் தர மாட்டேன்.

செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்.