அக்காவுக்கு நான் வாங்கிய பூப்போட்ட விரிப்பு

ஐம்பது வயது தாண்டிய பிறகும் என்னை "ஏ குட்டி" என்றே கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டியதை இத்தனை நாளும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே கடலூரில் பாடலீசுவரருக்கு விளக்குப் போட்டேன். திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு இரண்டு முறை நடந்தே போனேன். சாமி கேட்டுக்கொண்டது. ஆனால் கேட்க வேண்டியது உன் பெண் கௌரி அல்லவா? அவளிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. போன மார்கழிப் புயலில் உன் கொல்லைப்புறத்து முருங்கை சாய்ந்துவிட்டது. மாமாவுக்குப் போன மாதம் பக்கவாதம் வந்தது, வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. அந்தக் குழறலோடும், "சக்கர போடாத காப்பியக் குடுத்தே என்னக் கொல்லப் பாக்கறா" என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மாவைத் திட்டினாராம். அதனால் பயப்படாதே, மாமா மாமாவாகத்தான் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் தெரிந்ததும் கௌரி சிதம்பரத்திலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார், இப்போதைக்கு வர முடியாது. இவள் ஒருத்திதான் பார்க்க வேண்டும்.

"சித்தி, திங்கக்கெழம அப்பா வராரு. அம்மா படுத்த ரூம்லதான் கட்டில் போட்டிருக்கேன். அம்மாவோட பெட்ஷீட்டு ரெண்டும் பீரோல பத்திரமா இருக்குது, அதையே விரிச்சிடறேன்."

சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அரக்குக் கலரில் மஞ்சளும் ரோஸுமாகப் பூப்போட்ட அந்த விரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். அதை வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். கௌரிக்கு அதுவும் முழுசாகத் தெரியாது.

அந்த ஐப்பசியில் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து உனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரையும் இருதயமும் இருக்கிற நிலைமையில் ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் படுக்கையில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று கௌரி பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தாள். மாமா மருந்துக்கடையில் நின்றார். அதனால் நர்சம்மா சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

"யம்மா, விரிப்பு சுத்த காட்டனா பாத்து வாங்குங்க. வேர்வையக் குடிக்கணும். நடுவுல தையல் இருக்கக் கூடாது. முக்கியமா வெள்ளையா இருக்கணும். முதுகுல புண்ணு வந்தா மொதல்ல ஒரு பொட்டு ஈரம்தான் கசியும். வெள்ளையில அது அன்னிக்கே தெரிஞ்சிடும். கலர்ல தெரியாது."

நானும் சிதம்பரம் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் இரண்டு வெள்ளை விரிப்பு வாங்கினேன். கட்டிலில் விரித்தேனோ இல்லையோ, நீ பிடித்துக்கொண்டாய்.

"என்னாடி இது, இப்பவே பாடையில ஏத்தப் போறியா?"

"நர்சம்மா சொன்னாங்கக்கா."

"சொல்லுவா. அவ வூட்ல விரிப்பாளா? மஞ்சக் குங்குமத்தோட கெடக்கறவள வெள்ளையில கெடத்தாத. நல்லதா பூப்போட்டது வாங்கியா. நான் செத்தப்புறம் நீ எந்த எழவ விரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கும் உள்ளூர உறுத்தல்தான். சுமங்கலிக்கு வெள்ளை விரிப்பது அபசகுனம் என்று எனக்கும் பட்டது. அன்றைக்கே மாற்றிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு வெள்ளை பிடிக்கவில்லை என்று கௌரியிடம் சொன்னேன். பொட்டு ஈரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இனி உனக்கே தெரியாத பாதி. அந்தக் கடையில் பூப்போட்டதிலேயே இரண்டு தினுசு காட்டினார்கள். ஒன்று நல்ல பருத்தி. வெளிர் நீலம், ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் பூ. நீ அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய், கறையும் அதில் மறைந்திருக்காது. இன்னொன்று அந்த அரக்குக் கலர். கையில் கசக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தேன். ஒரு மடிப்பு விழவில்லை, வழுக்கிக்கொண்டு விரிந்தது. கலப்பு நூல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கடைக்காரரும் ஒளிக்கவில்லை.

"இது கொஞ்சம் மிக்ஸிங்க்கா. ஆனா மழநாள்ல பட்டுனு காஞ்சிடும்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன் அக்கா. எட்டு நாளாக வெளியே மழை விடவில்லை. கூடத்தில் நாற்காலி, மேசை, கதவு என்று நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துவைத்ததெல்லாம் ஈரத்துணியாகத் தொங்கியது. என் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து எரிந்தது. நீ பூக் கேட்டாய் என்பது உண்மை. ஆனால் நான் தேடியது சீக்கிரம் காய்கிற துணி. கறை தெரியாத துணி என்றால் தேய்க்கிற பாடும் குறையும் என்று கூட நினைத்தேன். என் அலுப்பை உன் ஆசைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"வழவழன்னு பட்டாட்டம் இருக்குதுடி" என்று நீ சந்தோஷப்பட்டாய். அந்த வழவழப்பு வேர்வையைக் குடிக்காது என்று எனக்குத் தெரியும். முதுகுக்கடியில் கை விட்டால் புழுங்கிய சூடு தெரியும். பவுடர் போட்டு மூடினேன்.

எதற்கும் கணக்கு எழுதுகிறவள் நான் என்று கிண்டல் செய்வாயே, உன்னைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். மணி, இடது, வலது, மல்லாக்க, யார் புரட்டியது என்று கட்டம் கட்டமாகக் கோடு கிழித்தேன். நான் உன் வீட்டிலேயே தங்கியிருந்ததால் பகல் என் முறை, ராத்திரி கௌரியின் முறை. பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு அவள் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். ஒரு கட்டம் காலியாக நின்றது. ஒரே ஒரு கட்டம்.

அடுத்த வாரம் உன் முதுகில் புண் இருப்பது எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத்தான் தெரிந்தது. அதற்குள் அது எட்டணாக் காசு அளவுக்குக் குழி விழுந்திருந்தது. விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், அரக்குப் பூவுக்கு நடுவே பழைய கறை, அதன்மேல் புதுக் கறை. எத்தனை நாளாக இருந்ததோ? பிறகு காய்ச்சல். மார்கழி பிறந்த ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறு முடிந்த மறுநாள் கௌரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காலிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதான் சித்தி. இங்கதான் எங்கம்மாவ வுட்டுட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாம் விதி அம்மாடி" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். அன்றிலிருந்து அந்தப் பெண் சரியாகத் தூங்குவதில்லை. இரண்டு மணிக்கொரு தரம் விழிப்பு வந்துவிடுகிறதாம். புரட்டிப்போட யாருமில்லாத அறைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறாளாம். எல்லாம் தெரிந்தும் நான் கடலூரில் உட்கார்ந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் போன் வந்த மறுநாள் இங்கேயே ஒரு கடைக்குப் போனேன். இந்த முறை வெட்கப்படாமல் சோதித்தேன். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழை சமமாக ஓடுகிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உடனே உறிஞ்சிக்கொண்டது. உள்ளங்கையில் தேய்த்தேன், மாவு மாதிரி கஞ்சி உதிரவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு தீப்பெட்டி கேட்டேன். "யம்மா, கடையக் கொளுத்திடாதீங்க, புள்ளகுட்டிக்காரன்" என்றார் கடைக்காரர். நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலானது. கலப்பாக இருந்தால் உருகிக் கெட்டியாகத் திரண்டு நின்றிருக்கும். ஒட்டுத்தையல் இல்லாத அகலத்தில், மெத்தைக்கடியில் செருகத் தாராளமாக நீளம் விட்டு, இரண்டு வெள்ளை எடுத்தேன். புதுத்துணியின் முரட்டுத்தனம் போக இரண்டு முறை அலசினேன். ஒரு சாண் சுருங்கியது, அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கௌரி கட்டிலில் பூ விரிப்பை விரித்துச் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தாள். என் பையிலிருந்து வெள்ளையை எடுத்ததும் முகம் சுளித்தாள்.

"வேணாம் சித்தி. அம்மாவே வேணான்னாங்களே."

"அம்மா பூதான் கேட்டாங்க. இந்த வழவழத் துணிய அவுங்க கேக்கல. நான்தான் எடுத்தேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நர்சம்மா, பொட்டு ஈரம், கசக்கிப் பார்த்தது, மழை, என் அலுப்பு. அவள் கை மட்டும் பூவின்மேல் நீவிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"நர்சு சொன்னது உங்களுக்கு மொதல்லயே தெரியும்?"

"தெரியும்."

"நான் அந்த நோட்டக் காமிச்சனே, அப்பவும் தெரியும்?"

"தெரியும்மா."

"ஒன்றர வருசம் சித்தி."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுக்களைக்குள் போய் வெறுமனே நின்றாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடலூருக்கு இப்ப பஸ்ஸு இருக்குது. கெளம்புங்க."

உன் வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை. வெள்ளை விரிப்புகளை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருப்பார். அவர் முதுகுக்கடியில் என்ன விரித்திருக்கிறாள்? என்மேல் உள்ள கோபத்தில் என் துணியை மூலையில் எறிந்திருந்தால்? போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. போய் எதைக் கேட்பது? செவ்வாய், புதன் போயிற்று. இன்று மத்தியானம் போன் அடித்தது.

"சித்தி." குரலில் ஈரமில்லை. "வெள்ளதான் விரிச்சேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னிக்குக் காலையில இடுப்புக்குக் கீழ ஒரு பொட்டு ஈரம். டாக்டர வரவெச்சிக் காமிச்சாச்சு. மேல் தோலுதானாம், ஆறிடுமாம்."

"மாமா என்ன சொல்றாரு?"

"ஆஸ்பத்திரியில தப்பிச்சி வந்தா இங்கயும் ஆஸ்பத்திரி பெட்டான்னு திட்டுறாரு." அப்புறம் அவளே சொன்னாள்: "ரெண்டு பத்தல சித்தி. இன்னும் நாலு வேணும். நீங்களே பாத்து எடுத்தாங்க."

மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டி வரும். அதையும் அவள் தலையில் சுமத்த வேண்டாம் என்று, "எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வரப்போ நாலு நாள் தங்கற மாதிரி வாங்க. எனக்குக் கொஞ்சம் தூங்கணும்."

அக்கா, இதை ஊர் படிக்கும்படி எழுதுவது உனக்குக் கோபமாக இருக்கலாம். வீட்டில் யாரையாவது படுக்கையில் போட்டுப் பார்க்கிறவள் ஒருத்தி படித்துவிட்டு, பீரோவைத் திறந்து விரிப்பைக் கசக்கிப் பார்த்தால் எனக்கு அது போதும். நாளைக்குக் கடை திறந்ததும் நாலு விரிப்பு எடுத்து அலசிப் போடுவேன், மறுநாள் காலைப் பஸ்ஸில் போய்விடுவேன். உன் பெண் தூங்குகிற மட்டும் மாமாவை நான் புரட்டிப்போடுவேன். கண்ணில் பட்டதை அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்வேன், யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
கௌரியின் சித்தி