தேவிபட்டினத்துப் பெண்

அன்புள்ள மகள் துர்காதேவிக்கு,

உன் அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மழையும் இந்தக் கார்த்திகையில் மோசமில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை காளிதாஸும், உன் வயிற்றில் ஆறு மாதமாகக் குடியிருக்கும் மூன்றாவது ஆளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்க வேண்டும். சென்ற வெள்ளிக்கிழமை காலை நானும் உன் அம்மாவும் கலந்து பேசி, இனி நம் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். எளிதில் வந்த முடிவில்லை. இரண்டு கையும் மாவில் இருக்கும்போது போனைக் காதில் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று உன் அம்மா கேட்டாள். இருந்தும் தீர்மானம் நிறைவேறி அன்றே அமலுக்கு வந்துவிட்டது. இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாப்பிள்ளை கண்ணில் பட்டு, அவரிடமிருந்து கமுதிக்கு அவர் அம்மாவான உன் அத்தையிடம் போய், அங்கிருந்து வேறு உருவத்தில் எனக்கே திரும்பி வரும். இராமநாதபுரத்து ஹாஜா முகைதீன் விடுமுறை முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குள் இது இருக்கும், யாரும் இல்லாத நேரத்தில் பிரித்துப் படி.

புரட்டாசியில் நீ ஒன்று கேட்டாய். அங்கே ஆஸ்பத்திரியில் மாசமாக இருக்கிறவர்கள் ஃப்ளூ காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள், உன் அத்தை வேண்டவே வேண்டாம் என்கிறார், அய்யா விசாரித்துச் சொல்லுங்கள் என்றாய். என் பதிலுக்காக இன்னும் போடாமல் காத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஊசி மீது எனக்கும் சந்தேகம்தான். நோய் இல்லாதவளுக்கு மருந்து என்று யார் சிரித்துக்கொண்டு வந்தாலும் நான் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லுகிறவர்களையும் அதே கண்ணால் பார்ப்பதுதானே நியாயம், அதனால் கமுதிக்குப் போய் உன் அத்தையிடமே நேரில் கேட்டேன். நல்ல காபி கொடுத்தார். “அண்ணே, தேவிபட்டினத்துல ஒரு பிள்ளை, மாசமா இருந்தவ, இந்த ஊசியைப் போட்டு மூணாம் நாளே கலைஞ்சு போச்சாம்ணே, நல்ல குடும்பம்” என்றார். குடும்பம் நல்லதாக இருப்பது ஊசிக்கு எதிரான சாட்சியாவது எப்படி என்று நான் கேட்கவில்லை. பெயர் கேட்டேன், தெரியாது. தெரு கேட்டேன், தெரியாது. யார் சொன்னது என்றேன். “எல்லாரும்தான் சொல்றாக” என்றார்.

எல்லோரும் சொல்லுகிறார்கள் என்றால் பார்த்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அந்தப் பெண்ணையே பார்த்துவிடுவது, உண்மையாக இருந்தால் நீ ஊசி போட வேண்டாம் என்று எழுதிவிடுவது என்று முடிவு செய்து தேவிபட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். நவபாஷாணக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னேன், அர்ச்சனையும் செய்தேன், ஆகவே அது பொய்யில்லை. ஒன்பது கிரகங்களும் கடல் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஹமீதா பானுவிடம் கேட்டேன். அந்தக் கடைக்குத் தெரியாமல் ஊரில் ஒரு தும்மல்கூட நடக்காது என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். “எங்கூர்ல அப்படி யாரும் இல்லைங்க. எங்க வீட்டு மருமகளுகளே மாசமா இருந்தப்பப் போட்டுச்சுக. கை வலிக்குதுன்னு ரெண்டு நாள் என்னையப் பாத்திரம் கழுவ விட்டதுதான் மிச்சம். நீங்க சொல்ற பிள்ளை ராமேஸ்வரம். லாட்ஜ்காரவுக வீடு, அல்லாஹ் அந்தத் தாய்க்கு ஆறுதலைக் குடுக்கணும்” என்றார். அவ்வளவு உருக்கமாகச் சொன்னதில் எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

மறுநாள் இராமேஸ்வரம். நம் பக்கத்து ஆட்கள் தர்ப்பணத்துக்குப் போனால் தங்குகிற லாட்ஜில் மஹ்மூது என்று ஒரு மேனேஜர் இருக்கிறார், விவரமானவர். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “இங்கன இல்லண்ணே, அது உங்க பக்கம். கமுதிக்குப் பக்கத்துல மிளகாய் வெவசாயம் பாக்குறவுக வீட்டுப் பிள்ளை. கட்டிக் குடுத்தது மஸ்கட்ல. ஊசி போடவான்னு போன்ல கேட்டுச்சாம், வேணாம்னு சொல்லியும் கேக்கலையாம். அதுக்குப் பெறகு ஒரு வாரம் போனே வரல. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. நேத்துக்கூடக் கமுதியில இருந்து வந்தவுக சொல்லி வருத்தப்பட்டாக. அவுக அய்யாதான் பாவம், ஒரு மாதிரியான ஆளாம், எதுக்கெடுத்தாலும் சந்தேகமாம். பிள்ளை செத்ததையே நம்பாம ஊர் ஊராத் தேடிட்டுத் திரியிறாராம்” என்றார். அந்த அய்யாவை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். தெரிஞ்சா ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே என்றார். சொல்வதாக ஒப்புக்கொண்டு கிளம்பினேன்.

ஆகவே துர்கா, தேவிபட்டினத்துப் பெண் நீதான். புரட்டாசியில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது, சமையலறை வாசலில் மிளகாய்க் காம்பு கிள்ள வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு உன் போன் தண்ணீரில் விழுந்து ஒரு வாரம் நீ பேசவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் அதுவும் பஸ் ஏறிவிடும். கொஞ்ச நாளாக நம் வீட்டுக்கு வருகிறவர்கள் தணிந்த குரலில் பேசுவதைப் பார்த்து, தனக்கு ஊரில் மரியாதை கூடியிருப்பதாக உன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கணக்கைப் பார். ஊசி போட்டுச் செத்துப்போன துர்காதேவிக்குப் பயந்து, உயிரோடு இருக்கும் துர்காதேவி ஊசி போடாமல் இருக்கிறாள். திரும்பும் வழியில் உன் அத்தையிடம் இதைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, “அப்படியாண்ணே, அப்ப அது வேற பிள்ளையா இருக்கும், பரமக்குடியா இருக்கும்” என்றார். பரமக்குடிக்கு நான் போவதாக இல்லை.

அத்தையைப் பார்ப்பதற்கு முன்பே இராமநாதபுரத்தில் இறங்கி ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன், டோக்கன் வாங்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்து. இந்த ஊசியில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை, அது என் சந்தேகத்தை அதிகப்படுத்தியது. மாசமாக இருக்கும்போது சாதாரண ஃப்ளூ காய்ச்சலே நெஞ்சில் இறங்கி ஆபத்தாகிவிடக்கூடும் என்றார். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது, தாய் போட்டுக்கொண்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புதான் வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குப் போய் அந்த முதல் மாதங்களில் காவல் நிற்கும் என்றார். எத்தனையாவது மாதத்திலும் போடலாமாம், போட்ட பின் உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகுமாம். சரி, குறை ஒன்றுமே இல்லையா என்றேன். உண்டு, கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் உடம்பு கணகணக்கும், போட்டவர்களுக்கும் சில சமயம் காய்ச்சல் வரும், ஆனால் அவ்வளவு முற்றாது என்றார். மிளகாய் மண்டியில் இத்தனை வருடம் நிற்கிறேன், தன் சரக்கின் குறையைத் தானே எடுத்துச் சொன்ன ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. அவர் மீதிருந்த சந்தேகத்தில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நம் தோட்டத்தில் வேலை செய்யும் வீரமணியின் மனைவி ஈஸ்வரிக்கு ஏழாவது மாதம். போன மாதமே நர்ஸ் இந்த ஊசிக்கு வரச் சொல்லியும் அவள் பிறகு பிறகு என்று தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிறாள், காரணம் கேட்டால் நீதான். “உன் துர்கா அக்கா நல்லாத்தான் இருக்கிறாள், போய்ப் போட்டுக்கொள்” என்று நான் அவளிடம் சொன்னேன். “மனசைத் தேத்திக்கங்கய்யா” என்றாள். சனிக்கிழமை உன் அம்மா உனக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தாளே, அது இதற்காகத்தான். நீ அவளிடம் எத்தனை மாசம், நல்லாச் சாப்பிடுறியா என்றெல்லாம் கேட்டாய். ஈஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்து, “அக்கா கொரல் மாதிரியேதாம்மா இருக்கு, இப்பல்லாம் செத்தவுக கொரலைக்கூடக் கம்ப்யூட்டர்ல செஞ்சிருவாகளாம்” என்றாள். வீடியோவில் காட்டட்டுமா என்றதற்கு அதையும் செய்வார்களாம் என்றாள். பக்கத்தில் நின்ற வீரமணிக்கே பொறுக்கவில்லை, “ஏட்டி, அப்ப நானும் கம்ப்யூட்டர்ல செஞ்சவனா” என்றான். “ஒன்னையச் செய்யிறதுக்கு எவன் கரண்டைச் செலவழிப்பான்” என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். புதன்கிழமை நர்ஸ் மறுபடி வந்தபோது அவள் மிளகாய்க் கொல்லையின் கடைசி மூலையில் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டதற்கு நிமிரவில்லை.

ஆகவே என் பதில், போட்டுக்கொள். எனக்குச் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை, எதிலும் எனக்கு முழுதாகத் தீர்வதில்லை, உன் கல்யாணத்தன்றும் எனக்கு ஒன்றிரண்டு பாக்கி இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் பெயர் சொல்லி எதிரே உட்கார்ந்து பதில் சொன்ன ஒருவர் இருக்கிறார், அந்தப் பக்கம் நீயே செத்துக் கிடக்கிறாய். கையில் போடும் ஊசிதானா என்று கேட்டுக்கொள், மூக்கில் அடிக்கும் மருந்து மாசமாக இருப்பவர்களுக்குக் கிடையாதாம். முன்பு எந்த ஊசிக்காவது உடம்பு தடித்ததா என்று கேட்டால் மறைக்காமல் சொல். மாப்பிள்ளையையும் போட்டுக்கொள்ளச் சொல், இருமிக்கொண்டு பிள்ளையைத் தூக்கப்போகிற முதல் ஆள் அவர்தான். பிரசவத்துக்கு நீ இங்கே வருவதற்குள் நானும் உன் அம்மாவும் போட்டுக்கொள்கிறோம், அவள் இடது கையா வலது கையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம், கேட்டால் என் பெயரைச் சொல், ஒரு மாதிரியான ஆள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நவபாஷாணத்து விபூதியை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நீயும் பிள்ளையும் நோய் நொடி அண்டாமல் நல்லபடியாகத் தனித்தனி ஆளாக வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, குனிந்து கனம் தூக்காதே. ஊசி போட்ட அன்றே போன் செய். தயவுசெய்து ஒரு வாரம் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அய்யா,
செல்லச்சாமி

பி.கு.: ஹாஜா முகைதீனின் பயணம் சில நாள் தள்ளிப்போனதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். ஈஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கியதால் இராமநாதபுரத்தில் சேர்த்தார்கள். ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது என்கிறார்கள். நேற்றுக் காலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் வேறு வேறு வார்டில் இருக்கிறார்கள்.