தலையணைக்கு அடியில் இருந்த டப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முடிதான் போயிற்று, வாய் போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது: டாக்டரம்மா, ஊசி போடும் நர்ஸ், உன் தம்பி, அவன் பெண்டாட்டி, என் தங்கச்சியாகிய உன் சித்தி, அப்புறம் நான். ரத்தப் பரிசோதனையில் ஈரல் களைத்துத் தெரிகிறதே, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார், இல்லவே இல்லை என்றேன். பொய் சொல்லவில்லையடி, நீ அனுப்பிய ஞாபகசக்தி மாத்திரை எனக்கு மருந்தாகவே படவில்லை, மகள் அனுப்பிய பண்டம், அவ்வளவுதான். கீமோ ஏற ஏறத் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, பேத்தி பெயர்கூட ஒரு நிமிஷம் வரவில்லை என்று போனில் நான்தானே அழுதேன், நீ பதறிப்போய் அனுப்பினாய். புற்றுநோய்க்குக்கூட நான் பயப்படவில்லை, உன் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பது மறந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

அந்த நேரம் பார்த்து உன் சித்தி பையைத் திறந்து, என் தலையணைக்கு அடியில் இருந்த டப்பாவை மேஜைமேல் டொக்கென்று வைத்து, “இந்தாங்க டாக்டர், தூரத்துல இருக்குற மக பாசத்துல அனுப்புனது, இவ ஒரு மாசமா முழுங்குறா” என்றாள். டாக்டரம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, இதில் சிலது கீமோ மருந்தோடு மல்லுக்கு நிற்கலாம், ஈரலுக்கும் பாரம், இப்போதாவது தெரிந்ததே என்றார். சிகிச்சை இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. மறதி நிறையப் பேருக்கு மெல்ல மெல்லத் தெளியும், தூங்குங்கள், நடங்கள், மறக்கக் கூடாததை எழுதி வையுங்கள் என்றார். அதான் எழுதுகிறேன்.

நீ அழாதே கண்ணு, உன்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. இனிமேல் டாக்டரம்மாவைக் கேட்காமல் எதையும் அனுப்பாதே, வாரம் இரண்டு தடவை பேத்தியைப் பேச விடு, என் மூளைக்கு அது போதும். மூன்று பேரும் நூறு வயசு இருங்கள்.

சித்தி என் உயிரைக் காப்பாற்றினாள், இல்லையென்று சொல்லவில்லை. துவட்ட முடியில்லாத தலையைத் தினமும் துவட்டிவிடுவதும் அவள்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் என் பெண்ணைக் காட்டிக்கொடுத்தாளே. பேச்சுக்குச் சொல்லும் நாலு இல்லை, அவளையும் என்னையும் விட்டு நிஜமாகவே நாலு, மேலே எழுதியிருக்கிறேன், எண்ணிப் பார். என் கூடப்பிறந்த அந்த ஒருத்தியை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.

எதையும் மறக்காத
உன் அம்மா