பளபளப்பு போதாத கையெழுத்துகள்

என் அன்பு மாப்பிள்ளை ஞானதாஸ்,

உன் தோல் கம்பெனி ஒரு பெரும் முடிவை எடுத்திருக்கிறது. ரிசப்ஷன் சோபாவை இடப்பக்கமாக இரண்டடி நகர்த்துவது என்பதே அது. இதற்காக நிர்வாகம் கூடியது, டீ குடித்தது, மாற்றுக் கருத்துகளைக் கேட்டது. கடைசியில் முதலாளியே வந்து நின்று, நகர்த்தலாம் என்றார். ஆம்பூரில் இத்தனை நிதானமாக எடுக்கப்பட்ட முடிவு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சோபா விட்டுக்கொடுத்த சுவரில் மாட்டுவதற்கு உன்னுடைய சேகரிப்பைக் கேட்டார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடி ஓய்ந்த கிழவர்களுக்கு நீ தபாலில் தோல் துண்டு அனுப்பி, கையெழுத்து வாங்கி வைத்தாயே, அதை.

உங்கள் தோல் அங்கே பேஸ்பால் கையுறை ஆகிறது என்று கேள்விப்பட்ட நாளில் பிடித்த பைத்தியம் அது. ஓர் ஆட்டத்தையாவது நீ முழுதாகப் பார்த்திருப்பாயா? இப்போது ஆடுகிறவர்களுக்கு எழுதேன் என்றால், "அவனுக்கு ஏது மச்சான் டைமு? ரிட்டயர் ஆனவன்தான் வூட்ல குந்திகினு இருப்பான். தபால் வந்தா அவனுக்கும் ஜாலியா இருக்கும்ல" என்பாய்.

பதில் உறையில் இந்திய ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று அந்தக் கிழவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாய். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து அங்கே போன உன் சித்தி மகள், "அங்கேர்ந்து வர்ற தபாலுக்கு அந்த ஊரு ஸ்டாம்புதான்ணா ஒட்டணும்" என்று சொல்லி, ஸ்டாம்புகளை அனுப்பியும் வைத்தாள். அதன்பிறகு வரத் தொடங்கின. ஒருவர் ஓரத்தில் குட்டியாகப் பந்து வரைந்திருந்தார். இன்னொருவர், கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், நல்ல தோல் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை ஆம்பூரில் யாருக்குத்தான் நீ காட்டவில்லை?

நீ அந்தத் துண்டுகளை எடுத்தது கம்பெனிக்கு மட்டும் திருட்டு. கேட்டில் டிபன் கேரியரைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி, சோற்றுத் தட்டுக்குக் கீழே துண்டுகளைக் கண்டெடுத்தான். "இன்னாண்ணே, வறுத்துத் துன்னப் போறியா?" என்று கேட்டான். தரையில் கிடந்து குப்பைக்குப் போகிற கழிவு அது. ஆனாலும் கம்பெனி சொத்து என்று மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவோடுதான் நீ செத்துப்போனாய். இரங்கல் கடிதமும் அதே லெட்டர்ஹெட்டில்தான் வந்தது.

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார். தோல் வாங்குகிற அமெரிக்கப் பையர் வருகிறாராம், சொந்த ஊர் ஆட்டக்காரர்களின் கையெழுத்தைப் பார்த்தால் மனம் குளிர்ந்துவிடுவாராம்.

"ஞானதாஸ் மாதிரி ஒரு ஒர்க்கர் கம்பெனிக்கே பெருமைம்மா."

"பெருமைன்னு எப்ப சார் தெரிஞ்சுது?" என்றாள் ஸ்டெல்லா. என் தங்கைக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். உன்னோடு குடித்தனம் நடத்தியதில் வந்ததுதான். "மாட்டிக்கோங்க. ஆனா கீழ அவர் பேரு இருக்கணும். திருடன்னு சொன்ன எடத்துல அவர் பேரு இருக்கணும். அது இல்லன்னா ஒரு துண்டுகூடத் தர மாட்டேன்."

பித்தளைத் தகட்டில் வெட்டி வைப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். அவளும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

பையர் கண்ணில் படுகிற எதுவும் பளபளக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலின் வேதம். வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்த துண்டுகள் மங்கியிருந்தன. ஃப்ரேம் போடும் முன் மேனேஜர் அவற்றை ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு அனுப்பினார். "ஷைனிங் கம்மியா கீதுப்பா. ஒரு கோட்டு லாக்கர் அடிச்சுக் குடு" என்றாராம். பளபளப்பா மங்கலா என்று அங்கே எழுந்த சந்தேகம் ஒன்றே ஒன்று: "கிளாஸா சார், மேட்டா?" அதற்கு மட்டும் ஆபீசில் கேட்டு வந்து பதில் சொன்னார்களாம். கிளாஸ்.

தோலுக்கு மினுக்கம் தரப் பூசுகிற அந்த லாக்கரில் தின்னர் இருக்கிறது. பேனா மையைத் தின்னர் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவா?

கையெழுத்துகள் அழிந்ததை ஒருவரும் முதலாளியிடம் சொல்லவில்லை. ஜிகினாத்தாள் சுற்றி மாட்டிவிட்டார்கள். விழா அன்று என்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டு, நகர்ந்த சோபாவிலேயே உட்கார வைத்தார்கள். முதலாளி தாளை இழுத்தார். கைதட்டினார்கள். கண்ணாடி போடாத ஃப்ரேமுக்குள் கண்ணைப் பறிக்கும் வெற்றுத் தோல் துண்டுகள், வரிசை பிசகாமல். கீழே தகட்டில் ஆங்கிலத்தில் உன் பெயர். மேனேஜர் கூரையில் ஓடும் மின்விசிறியைக் கவனிக்கத் தொடங்கினார்.

ஸ்டெல்லா எழுந்துபோய், பந்து வரைந்திருந்த துண்டு எது என்று தேடினாள். தெரியவில்லை. தகட்டை முந்தானையால் துடைத்தாள். "பேரு இருக்குது இல்ல. வாண்ணா, போலாம்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறும்வரை அழவில்லை.

நாங்கள் கிளம்பும்போது, விழாவுக்கு வந்திருந்த அமெரிக்கப் பையர் ஒரு துண்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நிறம் பிரமாதம் என்றார். தகட்டைப் படித்துவிட்டு, இந்த நிறத்தை இந்தப் பெயரிலேயே ஆர்டர் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி எழுதிக்கொண்டார். ஆர்டர் கொடுக்கிறவரைத் திருத்துகிற கெட்ட பழக்கம் உங்கள் கம்பெனியில் யாருக்கும் கிடையாது.

உன் விலாசக் கத்தை ஸ்டெல்லாவிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கிழவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கெல்லாம் நானே மறுபடி எழுதுகிறேன், மாப்பிள்ளை. பதில் உறையில் அமெரிக்க ஸ்டாம்புதான் ஒட்டுவேன். வருகிற ஒரு துண்டையும் ஆம்பூரில் எந்தச் சுவருக்கும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

போன வாரம் முதல் லோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போனது. பெட்டிகளின் மேல் "ஞானதாஸ் பிரவுன், கிளாஸ்" என்று அச்சடித்திருந்தார்கள்.

உன் ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான்