ஜிப்சிப் பூ பற்றி ஆறு குறிப்புகள்

கோயம்புத்தூர்
9.10.1995

மரியாதைக்குரிய ரூத் டீச்சர் அவர்களுக்கு,

தேவ கிருபையால் நலம். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. உங்கள் தம்பி மகள் டீனாவின் கல்யாணம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தாராபுரத்திலேயே நடக்கிறது என்று அறிந்து மகிழ்ச்சி. அதன்பின் உங்கள் தம்பி பிராங்க் உங்களையும் மெல்போர்னுக்கே அழைத்துப் போய்விடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மறுபடியும் படித்தேன். நல்ல செய்திதான்.

மணப்பெண் கேட்கும் பூவைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள். மே மாதம் குன்னூரில் ஓய்வுபெற்றோர் முகாமுக்குப் போயிருந்தபோது பேருந்திலிருந்து பார்த்தோமே, அதே பூதான். சரிவு முழுவதும் பனி இறங்கியிருந்தது. எது பனி, எது பூ என்று பிரிக்க முடியவில்லை. "இது என்ன பூங்க சார்?" என்று கேட்டீர்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்திய நான் வாயைத் திறப்பதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. அந்தப் பாக்கியை இப்போது முறையாக எழுதுகிறேன். வரிசை வருமாறு:

1. பெயரும் மணமும்
2. பொருள்
3. பயன்
4. பராமரிப்பு
5. உலர்த்தும் முறை
6. என் விண்ணப்பம் ஒன்று

முதலாவது. கடைக்காரர்கள் ஜிப்சி என்பார்கள். முழுப்பெயர் ஜிப்சோபிலா. சுண்ண மண்ணை விரும்புவது என்று அர்த்தம். ஆங்கிலேயர் வைத்த செல்லப் பெயரைத் தமிழில் சொன்னால் 'குழந்தையின் மூச்சு'. அவ்வளவு லேசான பூ என்பதால் அப்படி அழைத்திருக்க வேண்டும். மணம் கிடையாது. பொதுவாக நான் எதையும் உறுதியாகச் சொல்ல அஞ்சுகிறவன். இதை உறுதியாகச் சொல்வேன். மேசைமேல் மருந்துப் பாட்டிலில் ஒரு கிளை வைத்திருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது. மேல்நாட்டார் பூவுக்குப் பூ ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். இதற்குக் கள்ளமின்மை, தூய்மை. நிலைத்த அன்பு என்றும் சொல்வதுண்டு. புத்தகத்தில் இருப்பதை எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

மூன்றாவது. இது துணைப் பூ. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்புவதற்கு வைப்பார்கள். பூங்கொத்தைப் பார்க்கிறவர் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

நான்காவது. பாதி மலர்ந்து பாதி மொட்டாக இருக்கும்போது வாங்குங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும். தண்ணீரில் சிட்டிகை சர்க்கரை போடலாம். மின்விசிறிக் காற்று ஆகாது. முக்கியமாக, கல்யாணத்துக்கு வாங்கிய வாழைத்தாரும் இந்தப் பூவும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது வரும் ஆவியில் இது கருகிவிடும்.

ஐந்தாவது. கொத்தாகக் கட்டி, இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் அதிகம் மாறாமல் உலரும். பல மாதம் இருக்கும்.

தாள் தீர்ந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
த. ஞானமுத்து

*

தாராபுரம்
16.10.1995

அன்புள்ள ஞானமுத்து சார்,

சுகமா இருக்கிறீர்களா? குறிப்புகளுக்கு ரொம்ப நன்றி. வாழைத்தார் சமாச்சாரம் பெரிய உதவி. ஸ்டோர் ரூமில் இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஆறாவதைக் காணோம். தாள் தீர்ந்துவிட்டதாமே. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவளிடம் இந்த வேலையெல்லாம் நடக்குமா சார்?

நேற்று டீனா போன் செய்தாள். துணைப் பூ என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அத்தை, எனக்கு ரோஜாவே வேண்டாம். கையிலயும் ஜிப்சிதான், சர்ச் ஆல்டர்லயும் அதுதான், பெஞ்சுக்குப் பெஞ்சும் அதுதான்" என்கிறாள். "அது தனியா எடுபடாதாம் கண்ணு, பெரியவர் சொல்றாரு" என்றேன். "அந்தப் பெரியவர் தனியா வெச்சுப் பார்த்திருக்காராமா?" என்று கேட்டாள். நீங்களே சொல்லுங்கள்.

தாயில்லாத பிள்ளை. ஆறு மாதக் குழந்தையாக என் மடிக்கு வந்தது. பத்து வயதில்தான் பிராங்க் கூட்டிக்கொண்டு போனான். அதனால் அவள் கேட்டால் எனக்கு மறுக்க வராது. மெல்போர்னுக்கு வா என்று கூப்பிடுவதும் முக்கியமாக அவள்தான். போனால் இந்த வீட்டை விற்றுவிட வேண்டும். திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை.

கோவையில் அவ்வளவு பூ கிடைக்குமா? விசாரித்து எழுதுங்கள். விட்டுப்போன விடையும் வேண்டும்.

அன்புடன்,
ரூத்

*

கோயம்புத்தூர்
28.10.1995

மரியாதைக்குரிய ரூத் டீச்சர் அவர்களுக்கு,

டீனா கேட்டது நியாயம். நான் தனியாக வைத்துப் பார்த்ததில்லை. பாட்டிலில் இருக்கும் ஒரு கிளையைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பூ மார்க்கெட்டுக்குப் போனேன். ஊட்டிப் பூ விற்கும் ரசாக் பாய் எனக்குப் பழக்கம். தேவையைச் சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க சார், எப்பவும் ஒரு குச்சி வாங்குவீங்க, அதையும் நாலு தடவை திருப்பிப் பாப்பீங்க. இப்ப அறுவது கட்டு கேக்கறீங்க. கல்யாணம் உங்களுக்குங்களா?" என்றார் சத்தமாக. பக்கத்துக் கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாள்கூடச் சிரித்தார். "தெரிந்தவர் வீட்டில்" என்றேன். "தெரிஞ்சவங்க ஊட்லன்னா மூஞ்சி எதுக்குங்க இப்படிச் செவக்குது?" என்றார். முன்பணம் வாங்க மறுத்துவிட்டார். டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை பூ குன்னூரிலிருந்து வந்து இறங்கும். நானே பஸ்ஸில் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

நூலகத்தில் மெல்போர்ன் பற்றிப் படித்தேன். அங்கே டிசம்பரில் கோடையாம். பூங்காக்கள் அதிகமாம். நீங்கள் அங்கே நடப்பதாக எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் குன்னூர்ச் சரிவுதான் வருகிறது. பனி, ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் உங்கள் கை, பேருந்து திரும்பாமல் நின்றுகொண்டே இருக்கிறது. நேற்றைய கனவிலும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. இதை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ.

ஆறாவதை எழுத்தில் சொல்லத் தைரியம் போதவில்லை. பூ கொண்டுவரும்போது நேரில் சொல்கிறேன்.

தங்கள்,
ஞானமுத்து

*

தாராபுரம்
29.12.1995

அன்புள்ள ஞானமுத்து சார்,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன்.

செவ்வாய் சாயங்காலம் முழுவதும் சர்ச்சுக்குள் ரிப்பன் கட்டியபடி அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் சர்ச் வாட்ச்மேன் பாலுசாமி வந்து, "பூ வந்துருச்சுங்கம்மா, ஐயரு வெஸ்ட்ரி ரூமுல இறக்கியாச்சு" என்றார். "கொண்டு வந்தவர் எங்கே?" என்றேன். "அவரு போயிட்டாருங்க. கதவுகிட்ட ரெண்டு நிமிசம் நின்னு பாத்தாரு. உள்ள வாங்கன்னு கூப்புட்டேன். வாரேன் வாரேன்னு சொல்லிப்போட்டு, அதே பஸ்ஸுல ஏறிட்டாருங்க. தண்ணி மாத்தோணும், ஃபேன் போடக் கூடாது, வாழைப்பழத்தக் கிட்ட வெக்கக் கூடாதுன்னு என்னை மூணு தடவை ஒப்பிக்க வெச்சாருங்க" என்றார். அவருக்கு ஒப்பிக்கக் கற்றுக் கொடுத்தீர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லையா?

அன்று ராத்திரியே பெண்கள் எல்லாம் சேர்ந்து அலங்காரத்தை முடித்துக் கதவைப் பூட்டிவிட்டோம். புதன்கிழமை விடிந்ததும் நான்தான் முதலில் திறந்தேன். சார், அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஆல்டர் இருந்த இடத்தில் ஆல்டர் இல்லை. மேகம் உள்ளே வந்து படுத்திருந்த மாதிரி இருந்தது. கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் அதன்மேல் இறங்காமல் பாதியிலேயே நின்றது. நடந்தால் கலைந்துவிடுமோ என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பிறகு வாசம் வந்தது. மணமில்லை என்று எழுதினீர்களே. இருக்கிறது சார். ராத்திரியெல்லாம் மூடிக்கிடந்த சர்ச் முழுக்க அந்த வாசம்தான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மூக்கைச் சுளித்தார்கள். "பால் திரிஞ்ச மாதிரி இருக்குதுங்க, ஜன்னலத் திறங்க" என்றார்கள். எனக்கு ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை. டீனா கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்துவிட்டு என் தோளில் கொஞ்சம் கக்குவாள். வாயைத் துடைத்துவிட்டுக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்வேன். அந்த வாசம். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. முன் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் இல்லை.

கல்யாணம் நன்றாக முடிந்தது. டீனாவின் கையில் அந்தப் பூ மட்டும்தான். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குள் முடிவு சொன்னால்தான் டிக்கெட் எடுக்க முடியும் என்று பிராங்க் நெருக்குகிறான். டீனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, யாருக்காகவோ காத்திருக்கீங்க" என்கிறாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. பதில் என்னிடம் தயாராக இருக்கிறது. ஆனால் கேட்காத கேள்விக்கு விடை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ரூத்

*

கோயம்புத்தூர்
1.1.1996

அன்புள்ள ரூத்,

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த சட்டையோடு எழுதுகிறேன். மாற்றிவிட்டு உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

அன்று கதவருகே நின்றபோது நீங்கள் ஸ்டூல்மேல் ஏறி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தீர்கள். பிராங்க் ஸ்டூலைப் பிடித்திருந்தார். டீனா கீழேயிருந்து எதையோ சொல்ல, நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். இவ்வளவு பேர் இருக்கிற ஒருவரை, அறுபத்தேழு வயதுக் கிழவனும் ஒரு மருந்துப் பாட்டிலும் இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடுவது எந்த நியாயம் என்று தோன்றியது. கால் தானாகப் பஸ்ஸை நோக்கித் திரும்பிவிட்டது. பாதி வழி தாண்டும் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டார்.

ஆறாவது. என்னை மணந்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா? சம்மதமென்றால் மெல்போர்ன் டிக்கெட் வேண்டாமென்று பிராங்கிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் சபையிலும் என் சபையிலும் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்கும்போது பாடகர் குழுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் முன் பெஞ்சிலேயே உட்காருகிறேன். தாராபுரம் வீட்டை விற்க வேண்டாம். நீங்கள் விரும்பினால் நான் அங்கே வந்துவிடுகிறேன். டீனா கூப்பிடும்போதெல்லாம் போய் வாருங்கள், என்னால் முடிந்தால் நானும் வருகிறேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். இந்த முறை பாலுசாமியிடம் எதையும் கொடுத்துவிட்டுத் திரும்ப மாட்டேன். பதிலை நேரில் சொல்லுங்கள். இல்லையென்றாலும் நேரிலேயே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரசாக் பாய் கடைக்குப் போனேன். மிச்சம் இருந்த கட்டுகளை ஒரு வாளியில் ஒன்றாக நிறுத்தி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்தார். சாக்கை விலக்கி முகத்தை உள்ளே கொண்டுபோனேன். "சார், அது நாறுமுங்க!" என்று கத்தினார். இத்தனை வருஷமும் ஒரு கிளையைத்தான் முகர்ந்திருக்கிறேன். ஒரு கிளையில் அது தெரிவதில்லை. ஆகவே திருத்திக்கொள்ளுங்கள்: என் முதல் குறிப்பு தவறு. அந்தப் பூவுக்கு மணம் உண்டு.

உங்கள்,
ஞானமுத்து