இரண்டு நிமிடமும் இருபத்திரண்டு ஓடைகளும்

மார்ச் 3
விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திரும்பிவிட்டது. 'எந்த நாட்டின் பிரதிநிதி' என்ற கட்டத்தில் எங்கள் பள்ளத்தாக்கை எழுதியது குற்றமாம். உலக மாநாடு கூடுவதே எங்கள் காட்டைப் பற்றிப் பேச. அதில் நாங்கள் 'பார்வையாளர்'. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமே வாசலில் நின்று பத்திரிகை காட்டுகிற கதை.

மார்ச் 6
பார்வையாளர் அட்டை வந்தது. பேச இரண்டு நிமிடம். அதற்கு நன்றிக் கடிதம் வேறு எழுத வேண்டுமாம்!

மார்ச் 9
தீர்மான வரைவைப் படித்தேன். இணைப்பு நான்கில் எங்கள் பள்ளத்தாக்கு: 'குடியிருப்பு இல்லாத பகுதி. பெயரற்ற ஓடைகள்.' அப்படியானால் நாங்கள் நானூறு குடும்பம் யார்? இது நிறைவேறினால் எங்களை வெளியேற்ற யார் சம்மதமும் தேவையில்லை.

மார்ச் 11
எங்கள் ஊர்ச் சபையில் ஊருக்காகப் பேசுகிறவர் முதலில் இருபத்திரண்டு ஓடைகளையும், எதில் எந்தக் குடும்பங்கள் தண்ணீர் எடுக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தன் வீட்டு ஓடை கடைசியில். சொல்லாவிட்டால் அது சொந்தக் கருத்து, அவ்வளவுதான். கைபேசியில் நேரம் பார்த்தேன். இதற்கே இரண்டு நிமிடம்! அப்புறம் கோரிக்கையை எப்போது சொல்ல?

உடன் வந்திருக்கும் வழக்கறிஞர், "அந்த லிஸ்ட்டைத் தூக்கிடுங்க மேடம்" என்கிறார். ஊரில் இருக்கும் அண்ணிக்குப் போன் செய்தேன். "தாராளமா தூக்கு. ஆனா எங்களுக்காகப் பேசுறேன்னு மட்டும் சொல்லாதே" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 12
தூக்கிவிட்டேன். வழக்கறிஞர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. வாயில்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 14
எனக்கு முன்னால் ஓர் அமைச்சர், பழங்குடிகளின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று பதினேழு நிமிடம் பேசினார். யாரும் மணி அடிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்ததும் காகிதம் மறந்தே போச்சு. முதல் ஓடையிலிருந்து ஆரம்பிச்சுட்டேன். அண்ணி வீட்டு ஓடை, 'கோபித்துக்கொண்டு போனவள் ஓடை', இருபத்தொன்றாவது. அதை முடிக்கிறேன், இரண்டு நிமிஷம் ஆச்சுன்னு மைக் செத்துப்போச்சு. கோரிக்கையில ஒரு வரிகூடச் சொல்லலை. நானூறு குடும்பம் என்னை அனுப்பினது இதுக்கா? எனக்கு என்ன பைத்தியமா?

மார்ச் 15
அண்ணியின் போனை எடுக்கவில்லை.

மார்ச் 17
நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பெண் தேடி வந்தார். "பேர்ல பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்க, பேசினது எல்லாம் பதிவுல ஏறணும்." ஒரு பக்கம் முழுக்க ஓடைகள், குடும்பங்கள். வழக்கறிஞர் அதைப் பிடுங்கி இணைப்பு நான்கின் பக்கத்தில் வைத்தார். "இவங்க பதிவே இவங்க இணைப்பைப் பொய்னு சொல்லுது, மேடம்!" அங்கேயே உட்கார்ந்து ஆட்சேபனை எழுதினார்.

மார்ச் 19
இணைப்பு நான்கை நிறுத்திவைத்துவிட்டார்கள். பெயர் பதிவான ஓடைகளின் மக்களைக் கேட்காமல் இனி அதைத் தொட முடியாது. அண்ணிக்குச் சொன்னேன். சிரித்தார், அழுதார், பிறகு கேட்டார்: "இருபத்திரண்டாவது?"

"மைக் போயிடுச்சு அண்ணி."

"அது உங்க வீட்டு ஓடையாச்சேடி."

அதையும் பதிவில் சேர்க்கத் திருத்தப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன். முதல் கட்டம்: எந்த நாட்டின் பிரதிநிதி?